பிரேக்கில் உரசல் சத்தம்: எதை முதலில் பார்ப்பது, எப்போது மெக்கானிக்கிடம் விடுவது

"அண்ணே, பிரேக்கு கரகரங்குது, பேட் மாத்திடுங்க." பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நோயோடு மருந்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: மிதிக்கும்போதா, மிதிக்காதபோதா? இதற்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மிதிக்காதபோது வருகிற சத்தத்துக்கெல்லாம் பேட் மாற்றினால், பல நேரம் பேட் புதிதாக இருக்கும், சத்தம் அப்படியே இருக்கும்.

கீழே சொல்வது முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, இரண்டு பக்கமும் பேட் அழுத்தி நிறுத்தும்), பின்னால் டிரம் (மூடிய வட்டப் பெட்டி, உள்ளிருந்து ஷூ விரிந்து அழுத்தி நிறுத்தும்) உள்ள சின்னக் கார்களுக்கு. நம் ரோட்டில் ஓடும் ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10, டியாகோ போன்றவற்றில் பெரும்பாலானவை இந்த வகை. நாலு சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டிக்கு எங்கே வேறுபடுமோ அங்கே சொல்கிறேன்.

வண்டியை எடுக்கவே கூடாத நிலை

சத்தத்தோடு கூட இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே படிக்க வேண்டாம். வண்டியை அங்கேயே நிறுத்தி, கட்டி இழுத்துப் போகாமல், தூக்கி ஏற்றிப் போகும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

- பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகிறது, அல்லது பஞ்சு போல் அமுங்குகிறது.
- ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு அணையவில்லை.
- சக்கரத்தின் உள்பக்கமோ நின்ற இடத்திலோ எண்ணெய் கசிவு தெரிகிறது.
- சக்கரத்திலிருந்து புகை, அல்லது கருகிய நாற்றம் (மலை இறங்கும்போது வரும் நாற்றத்துக்கு மட்டும் அறிகுறி 8).
- மிதித்தால் இரும்போடு இரும்பு உரசுகிறது, வண்டியும் ஒரு பக்கம் இழுக்கிறது.

முதலில் சத்தம் எந்தப் பக்கம் என்று பிடியுங்கள்

உள்ளே உட்கார்ந்து கேட்டால் முன்னால் வருவது பின்னால் வருவது போலத் தோன்றும். காலியான தெருவில், நீளமான காம்பவுண்டு சுவரை ஒட்டி, ஏசியையும் பாட்டையும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி 20 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் அந்தப் பக்கச் சக்கரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். திரும்பி வரும்போது அடுத்த பக்கம். இதிலேயே நாலு விஷயம் பாருங்கள்: சும்மா உருளும்போது வருகிறதா, லேசாக மிதித்தால் மாறுகிறதா, ரிவர்ஸில் வருகிறதா, ஸ்டியரிங்கைத் திருப்பினால் மாறுகிறதா.

பிறகு அதே வேகத்தில், பட்டனை அழுத்தியபடியே ஹேண்ட் பிரேக்கை மெல்ல இரண்டு மூன்று பல் தூக்குங்கள். சத்தம் மாறினால் கோளாறு பின் சக்கரத்தில். ஹேண்ட் பிரேக் பின்னால் மட்டும்தான் பிடிக்கும் என்பதால் இந்தச் சோதனை ஏமாற்றாது. காய்ந்த, நேரான ரோட்டில் மட்டும் செய்யுங்கள். லிவருக்குப் பதிலாக ஸ்விட்ச் உள்ள வண்டியில் செய்யவே வேண்டாம்.

சக்கரத்தைக் கழற்றும் முன்

சமதளம், கெட்டியான தரை. மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் பலகை. சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். முன் சக்கரத்தைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக் போட்டுப் பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல். பின் சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டியிருக்கும். அதனால் முதல் கியரில் போட்டு முன் சக்கரங்களுக்குக் கல். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றத்தான். அதை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். வண்டியைத் தாங்கும் ஜாக்கி ஸ்டாண்டு இல்லையா? கழற்றிய சக்கரத்தைப் படுக்க வைத்து வண்டி ஓரத்துக்குக் கீழே தள்ளிவிடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும்.

அறிகுறி 1: காலையில் முதல் சில பிரேக்குக்கு மட்டும் சரசரவென்று உரசல்

இரவு மழை, அல்லது முந்தின நாள் வாட்டர் வாஷ். டிஸ்க் வெறும் வார்ப்பிரும்பு, பெயின்ட் கிடையாது. ஒரே ராத்திரியில் செம்பழுப்பாகத் துரு பூத்துவிடும், கடற்கரையோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். ஐந்தாறு முறை மிதித்ததும் பேட் அதைத் துடைத்துவிடும், சத்தமும் போய்விடும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

வாரக்கணக்கில் நிறுத்தியிருந்த வண்டி என்றால் கதை வேறு. கிளம்பும்போது 'டொக்' என்று ஒட்டியது விடுபடும், பிறகு சுற்றுக்கு ஒரு தடவை உரசும். பேட் இருந்த இடத்தில் அதே வடிவத்தில் டிஸ்க்கில் துருத் தழும்பு விழுந்திருக்கும். 20, 30 கிலோமீட்டர் ஓட்டி, நடுத்தரமாக மிதித்துப் பாருங்கள். அதற்கும் போகாமல் தழும்பில் குழி தெரிந்தால் டிஸ்க் வேலைதான். வண்டியைக் கழுவிவிட்டு நேராக ஹேண்ட் பிரேக் போட்டு ஊருக்குப் போய்விடுவதை நிறுத்துங்கள். தெருவை ஒரு சுற்று சுற்றிப் பிரேக்கைக் காயவைத்து, கியரில் போட்டு, கல் வைத்துவிட்டுப் போங்கள்.

அறிகுறி 2: மிதிக்காமலே, உருளும்போதெல்லாம் உரசல், மிதித்தாலும் பெரிதாக மாறவில்லை

தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி விடாமல் வரும். கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும், ஆனால் பட்டியலிலேயே மலிவான கோளாறு இது.

அ) கல். டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகரத் தட்டு ஒன்று இருக்கிறது. அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு ஜல்லித் துண்டு மாட்டினால் போதும். புது ரோடு போடும் இடத்தைத் தாண்டி வந்தவர்கள் இதோடுதான் வருவார்கள். முதல் மருந்து: காலி இடத்தில் மெதுவாக ரிவர்ஸில் பத்து இருபது அடி போய், நின்று, முன்னால் வாருங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பாலும் தானாக விழுந்துவிடும்.

ஆ) தகரத் தட்டு வளைந்திருப்பது. டயர் மாற்றும்போதோ, கல் அடித்தோ வளைந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கைக் கையால் சுற்றுங்கள். உரசும் இடத்தில் தட்டின் விளிம்பு வெள்ளியாக மின்னும். அங்கே நீளமான ஸ்க்ரூ டிரைவரை விட்டு மெல்ல வெளியே நெம்பினால் தீர்ந்தது. சில பட்டறைகளில் தட்டை வெட்டியே எடுத்துவிடுகிறார்கள். அதைச் செய்ய விடாதீர்கள், சேறும் தண்ணீரும் நேராக டிஸ்க்கில் அடிக்கும்.

இ) பிரேக்குக்குச் சம்பந்தமே இல்லாதது. முன் பம்பருக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டின் கிளிப் விட்டுப்போய் டயரில் உரசும். மட்கார்டு உறை தொங்கும். வீல் கப் சரியாக உட்காராமல் கிறீச்சிடும். படுத்து ஒரு டார்ச் அடித்துப் பார்க்க இரண்டு நிமிடம்.

ஈ) வீல் பேரிங். இது உரசல் என்பதைவிட உறுமல், வேகத்தோடு ஏறும். இடப்பக்கம் வளையும்போது எடை வலப்பக்கச் சக்கரத்துக்குப் போகும், அப்போது சத்தம் ஏறினால் வலது பேரிங்கைச் சந்தேகியுங்கள். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியலாம். பேரிங்கை அழுத்திக் கழற்றி மாட்டப் பிரஸ் மெஷின் வேண்டும், வீட்டு வேலை இல்லை. தள்ளிப்போடவும் கூடாது.

இவை எதுவும் இல்லை, டிஸ்க்கைச் சுற்றவே கனமாக இருக்கிறது என்றால் அறிகுறி 5-க்குப் போங்கள்.

அறிகுறி 3: உருளும்போது மெல்லிய 'கீச்', மிதித்தால் நிற்கிறது அல்லது மாறுகிறது

பேட் தேய்ந்துவிட்டது என்று வண்டியே சொல்வது இது. பல பேட்களின் ஓரத்தில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். உராய்வுப் பகுதி 2, 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். அப்படியே கத்தட்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் வந்தால் பேட் செட் ஒன்றோடு முடிந்துவிடும். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்து இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினால் அறிகுறி 4, இரண்டு டிஸ்க்கும் சேர்ந்த பில்.

கீச்சுக்கு எண்ணெய் விடுகிற, துரு எடுக்கும் ஸ்ப்ரே அடிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. பிரேக்கில் அதைச் செய்தால் சத்தம் நிற்கும், வண்டி நிற்காது.

அறிகுறி 4: மிதித்தால் கரகர, பெடல் வழியாகக் காலிலும் தெரிகிறது

அதிகம் வருவதும் செலவு வைப்பதும் இதுதான். அதனால் ஒழுங்காகப் பாருங்கள்.

முதலில் சக்கரத்தைக் கழற்றாமலே அலாய் வீலின் இடைவெளி வழியாக டிஸ்க்கைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக, மெல்லிய கோடுகளோடு இருந்தால் நல்லது. கிராமபோன் தட்டு போலப் பள்ளம் பள்ளமாக ஓடினால் இரும்பு படுகிறது. டிஸ்க்கின் வெளி ஓரத்தில் விரல் நகத்தை வைத்து உள்ளே இழுங்கள், ஆறிய பிறகு. ஓரத்தில் ஒரு படி தட்டுப்படும். அந்தப் படியின் உயரம்தான் அந்தப் பக்கம் டிஸ்க் இதுவரை தேய்ந்த அளவு.

அடுத்து பேட். புதிதில் உராய்வுப் பகுதி 10 மில்லிமீட்டருக்கு மேலே இருக்கும். 3-க்கு வந்தால் மாற்ற வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப் பேட் மட்டும். அது பாதி இருக்கிறது, ஆகவே பேட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டு பேட்டையும் பிடித்திருக்கும் காலிப்பரைத் திறந்தால் உள் பேட்டில் உராய்வுப் பகுதியே இருக்காது. பின்தகடு நீலம் பாரித்து, டிஸ்க்கின் உள்முகத்தை உழுதிருக்கும். வெளிமுகமோ பளபளவென்று புதிது போலச் சிரிக்கும். இரண்டு பேட்டையும் பார்க்காமல் யார் "நல்லாத்தான் இருக்கு" என்றாலும் நம்பாதீர்கள், சர்வீஸ் ரிப்போர்ட்டில் டிக் அடித்திருந்தாலும்.

பேட்டைப் பார்க்க: காலிப்பரின் பின்பக்கம் உள்ள இரண்டு போல்ட்டில் கீழ் போல்ட்டைக் கழற்றினால் பெரும்பாலான சின்னக் கார்களில் காலிப்பர் மேல்நோக்கிக் கதவு போலத் திறக்கும். முழுதாகக் கழற்றினால் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் தொங்கக் கூடாது.

இனி, பார்த்ததைப் பொறுத்து:

பேட் 5 மில்லிமீட்டருக்கு மேல், டிஸ்க் சரி, பேட்டின் முகம் மட்டும் கறுத்துப் பளபளக்கிறது: தூசியும் சூடும். உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்து மாட்டுங்கள். பேட்டில் சிறு கல்லோ உலோகத் துணுக்கோ பதிந்திருந்தால் நோண்டி எடுங்கள்.

இரண்டு பேட்டும் சமமாகத் தேய்ந்து 3-க்குக் கீழே, டிஸ்க்கில் பள்ளம் இல்லை: புது பேட். இடம் வலம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும்.

உள் பேட் மட்டும் தேய்ந்திருக்கிறது: பேட் மாற்றினால் மட்டும் போதாது. காலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது, அல்லது பேட்டைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே திரும்பவில்லை. பின்னை உருவி, துருவைத் துடைத்து, அதற்கென்றே விற்கும் சிலிக்கான் பிரேக் கிரீஸ் பூசுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைத்து மறுபடி இறுக்கிவிடும். பட்டறைகளில் நான் அதிகம் பார்க்கிற தப்பு இது.

டிஸ்க்கில் நகம் மாட்டுகிற பள்ளம்: டிஸ்க்கின் மேல் குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் அச்சாகியிருக்கும். மைக்ரோமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சின்னக் கார்களில் புது டிஸ்க்குக்கும் அந்த அளவுக்கும் இடையே பெரும்பாலும் 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆழமான பள்ளத்தை லேத்தில் கடைந்து எடுத்தால் அந்த அளவைத் தாண்டிவிடும். அதனால் இரும்பு பட்ட டிஸ்க்கைக் கடைவதை நான் சிபாரிசு செய்வதில்லை. கடைகிற கூலியும் போய், ஆறு மாதத்தில் புது டிஸ்க்கும் வாங்க வேண்டிவரும்.

பேட்டை நீங்களே மாற்றினால் இரண்டு விஷயம் மறக்காதீர்கள். ஒன்று, பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். பேட் தேயத் தேய மட்டம் இறங்குவது இயல்பு. யாராவது இடையில் ஊற்றி நிரப்பியிருந்தால் இப்போது பொங்கி வழியும். பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும். துணி போர்த்திக்கொண்டு பார்த்துப் பார்த்துத் தள்ளுங்கள். இரண்டு, மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். இதைச் செய்யாமல் எடுத்தால் முதல் மிதி நேராகத் தரைக்குப் போகும்.

பின்னாலும் டிஸ்க் உள்ள வண்டிகளில் பின் பிஸ்டன் பலவற்றை நேராகத் தள்ள முடியாது, திருகித்தான் உள்ளே விட வேண்டும். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் போட்டுத் திறக்க வேண்டும். அதில் கை வைக்காதீர்கள்.

அறிகுறி 5: உரசலோடு ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது

மைலேஜ் குறையும், நியூட்ரலில் விட்டால் வண்டி சீக்கிரம் நின்றுவிடும், அந்தச் சக்கரத்தில் மட்டும் கறுப்புத் தூசி அப்பியிருக்கும். பத்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி நிறுத்தி, உள்ளங்கையை ரிம்முக்குப் பக்கத்தில் காட்டி இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். தொடாதீர்கள், டிஸ்க் தோலை உரித்துவிடும்.

மலிவு வரிசையில்: இறுகிய ஸ்லைடு பின், பேட் உட்காரும் இடத்தில் துரு சேர்ந்து பேட் மாட்டிக்கொள்வது, பிஸ்டன் இறுக்கம், கடைசியாக உள்ளே உப்பிப்போன ஹோஸ். முதல் இரண்டும் சுத்தம் செய்து கிரீஸ் பூசினால் தீரும். மற்ற இரண்டிலும் பிரேக் லைனைத் திறந்து காற்று எடுக்க வேண்டும், மெக்கானிக்கிடம் விடுங்கள். வண்டி உள்ளே போகும்போது பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அந்த ஆயில் ஈரத்தை இழுக்கும், பிஸ்டன் துருப்பிடிப்பது அங்கேதான் தொடங்குகிறது. ஆயிலின் வகை டாட் 3-ஆ 4-ஆ என்று டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும்.

அறிகுறி 6: பின்னாலிருந்து கொரகொர

ஹேண்ட் பிரேக் சோதனையில் மாறியதா? டிரம்முக்குள் தூசி அடைந்திருப்பதுதான் பெரும்பாலும். மழைக்காலம் முடிந்ததும் ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுதாக விடாமல் உரசுவதும் உண்டு. லிவரை இறக்கிய பிறகு பின் சக்கரம் கையால் சுலபமாகச் சுற்றவில்லை என்றால் அது. முன்பு ஐந்தாறு பல்லில் பிடித்த ஹேண்ட் பிரேக் இப்போது பத்து வரை ஏறினால் ஷூ தேய்ந்திருக்கிறது.

டிரம் கையால் வரவில்லை என்றால் சுத்தியலால் அடிக்காதீர்கள். பல டிரம்களின் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் சும்மா இருக்கும். அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாறி மாறி முடுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளிக்கொண்டு வரும். உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதக் கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகத்தில் மாஸ்க், ஈரத்துணி. ஷூவில் லைனிங் ஒன்றரை மில்லிமீட்டருக்கு வந்திருந்தால், அல்லது ரிவெட் தலை தட்டுப்பட்டால் செட்டாக மாற்ற வேண்டும். மேலே உள்ள, ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைக் கொஞ்சம் விலக்குங்கள். ஈரமாக இருந்தால் மூடிவைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் விதத்தைக் கழற்றும் முன் போனில் படம் எடுத்துவிடுங்கள், ஒரு பக்கம் முடிந்த பிறகே அடுத்த பக்கம்.

அறிகுறி 7: அவசரமாக மிதித்தால் மட்டும் கடகட, பெடல் காலை உதைக்கிறது

ஈர ரோடு, மணல், ஜல்லி என்றால் அது, சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிற சத்தம். காலை எடுக்காமல் அழுத்தியே பிடியுங்கள். மெதுவாக நிறுத்தும்போதும், காய்ந்த ரோட்டிலும் இப்படி வந்தால் ஏபிஎஸ் சென்சாரை ஸ்கேனரில் பார்க்க வேண்டும், விளக்கு எரிகிறதோ இல்லையோ.

அறிகுறி 8: மலை இறங்கியதும் தொடங்கிய சத்தம்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பேட் வெந்து முகம் கண்ணாடியாகிவிடும். நாற்றம் வந்தால் ஓரம்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணும். கீழே வந்தபின் பெடல் பழையபடி கெட்டியாக இருந்தால் பேட்டைக் கழற்றி அறிகுறி 4-இன்படி பாருங்கள். ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் கோணியிருக்கிறது. பெடல் பஞ்சாகவே இருந்தால் ஆயில் கொதித்திருக்கிறது, அங்கிருந்து ஓட்டி வர வேண்டாம். அடுத்த முறை எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

அறிகுறி 9: புது பேட் போட்ட பிறகும் சத்தம்

முதல் 200, 300 கிலோமீட்டர் லேசான உரசல் இருக்கும். பேட் டிஸ்க்கோடு பழக வேண்டும். காலி ரோட்டில் 50-லிருந்து 15 வரை நடுத்தரமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, மறுபடி 50-க்குப் போய், இப்படி எட்டுப் பத்து முறை. இடையில் முழுதாக நிறுத்தக் கூடாது. பிறகு பிரேக் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள்.

அதற்கும் போகவில்லை என்றால் திறந்து பாருங்கள். பேட்டின் பின்னால் வரும் மெல்லிய தகடும், பேட் உட்காரும் இடத்தில் வரும் கிளிப்பும் பழையதோடு குப்பைக்குப் போயிருக்கும். பழைய டிஸ்க்கின் ஓரப் படியில் புது பேட்டின் விளிம்பு ஏறி உரசும். அந்த விளிம்பை அரத்தால் சரித்துவிட்டால் நிற்கும். நாக்குள்ள பேட்டை உள்ளே வைக்க வேண்டியதை வெளியே மாட்டியிருப்பார்கள், அல்லது மாட்டும்போது நாக்கு வளைந்திருக்கும். இவை எல்லாமே மாட்டியவர் சரிசெய்து தர வேண்டியவை. பில்லையும் கழற்றின பழைய பேட்டையும் எடுத்துக்கொண்டு அவரிடமே போங்கள். பேட்டை மாற்றும்போதே பழையதைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வைப்பது நல்லது. நாலும் ஒரே அளவில் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தால், அடுத்த சத்தம் எந்தச் சக்கரத்திலிருந்து வரும் என்பது தெரிந்துவிடும்.